கோபி வீட்டு மாடி ரூமும் ரெண்டு புக்ஷெல்ஃப் ஸ்பீக்கரும்: 4 வருசத்துக்கு அப்பறம்

கோபிச்செட்டிபாளையத்துல எங்க வீட்டு மாடி ரூம் 14 அடிக்கு 11 அடிங்க. மேல கான்கிரீட், கீழ டைல்ஸ், சுத்தியும் வெறும் செவுரு, கை தட்டுனா கெணத்துக்குள்ள தட்டுன மாதிரி திரும்பி வரும். அதுக்குள்ள 5 இஞ்சு வூஃபர் (பேஸ்ங்கற கீழ்சத்தத்த குடுக்கற பெரிய கோன்) வெச்ச ஒரு ஜோடி ஸ்பீக்கர கொண்டாந்து வெச்சு நாலு வருசமா மல்லுக்கட்டிட்டு இருக்கறேன்.

மொத வருசம் பூராம் ஏமாளித்தனம். ஸ்பீக்கர டீவி மேச மேல செவுத்தோட ஒட்டி வெச்சுட்டு, நான் எதிர் செவுத்துல சாஞ்சு கட்டல்ல உக்காந்து கேட்டேன். பேஸ் நெம்ப அடிக்குது, ஆனா ஒரே சுதிதான் கும் கும்முனு, தவில் வந்தாலும் அதேதான், பேஸ் கிட்டார் வந்தாலும் அதேதான். கோயமுத்தூர்ல ஒரு கடைல சொன்னாங்கன்னு 9 ஆயிரத்துக்கு தடி கேபிள் வாங்கி மாட்டுனேன், அப்பவும் அதே கும் கும். பத்தடி ஓட்டத்துக்கு சாதா செம்பு ஒயரே போதும்ங்க, இப்ப நெனச்சாலும் வயிறு எரியுது.

ஒரு நா ராத்திரி போன்ல டோன் ஜெனரேட்டர் ஆப் (ஒரே சுதிய விடாம போடற ஆப்) போட்டு 80 ஹெர்ட்ஸ் ஓட விட்டுட்டு ரூம்ல நடந்து பாத்தேன். பின் செவுத்துகிட்ட நெஞ்சுல குத்துது, அங்கிருந்து மூணரை அடி முன்னால வந்தா யாரோ வாய பொத்துன மாதிரி சத்தமே காணோம், நடு ரூமுக்கு வந்தா மறுபடியும் குத்துது. அப்பத்தான் வெளங்குச்சு. சத்தம் நொடிக்கு சுமார் 345 மீட்டர் போவுது, 80 ஹெர்ட்ஸ்னா ஒரு அலை 4.3 மீட்டர், அதாவது 14 அடி, எங்க ரூமோட நீளமே அதுதானுங்க! போற அலையும் செவுத்துல பட்டு திரும்பற அலையும் சேந்து சில எடத்துல பலமாவும் சில எடத்துல சத்தமே இல்லாமயும் நிக்குது. கும் கும்முனு அடிச்சது ஸ்பீக்கர் இல்ல, ரூமு.

செவுத்தோட ஒட்டி வெச்சா அந்த சுதிய ஸ்பீக்கர் பலமா கெளப்பி விடுது, செவுத்தோட ஒட்டி உக்காந்தா நாமளும் அதையே எச்சா கேக்கறோம், ரெண்டு தப்பும் ஒண்ணா சேந்துருக்குது. அதனால ஸ்பீக்கர முன்னால இழுத்து, வூஃபர்ல இருந்து ஸ்பீக்கருக்கு பின்னால இருக்கற செவுத்துக்கு 3 அடி, பக்கச் செவுத்துக்கு ரெண்டரை அடி வர மாதிரி வெச்சேன் (ரெண்டு தூரமும் ஒண்ணா இருக்கக் கூடாது, செவுத்துல பட்டு திரும்பற சத்தம் ஒரே எடத்துல பேஸ கொறச்சுப் பள்ளமாக்கிரும்). ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் 6 அடி, ஸ்பீக்கர்ல இருந்து நான் உக்கார்ற எடத்துக்கு ஆறரை அடி. சேர எனக்கு பின்னால செவுத்துல இருந்து அஞ்சே கால் அடில போட்டேன். செலவு சுத்தமா ஒண்ணுமில்ல, ஆனா தவில் தனியா கிட்டார் தனியா கேட்டுச்சு.

ஸ்டாண்டு ஈரோட்டுல ஒரு வெல்டிங் பட்டறைல செஞ்சது. ட்வீட்டர் (மேல்சத்தம் குடுக்கற சின்ன கோன்) காது மட்டத்துக்கு வரணும், உக்காந்தா எனக்கு 38 இஞ்சு, ஸ்டாண்டு 26 இஞ்சு. குழா காலியா இருந்தப்ப தட்டுனா கோயல் மணியாட்டம் கிணுங்குச்சு, காஞ்ச மணல கொட்டி அடச்ச பொறகுதான் அடங்குச்சு.

மேல்சத்தம் இன்னும் கூச்சலாத்தான் இருந்துச்சு. செவுத்துல பவானி ஜமுக்காளத்த தொங்க விட்டேன், கைதட்டுற எதிரொலி கொறஞ்சுது, பேஸுக்கு ஒரு மயிரளவும் மாத்தமில்ல, துணி மேல்சத்தத்தத்தான் திங்கும். அப்பறம் பொள்ளாச்சில இருந்து தென்னநார் ஷீட் வாங்கி, 4 இஞ்சு கனத்துக்கு அடுக்கி, ஜமுக்காளத்தாலயே போத்தி ரெண்டு பக்கச் செவுத்துலயும் மாட்டுனேன். எங்க மாட்டறதுன்னு பாக்க நான் சேர்ல உக்காந்துக்க, வூட்டுக்காரி மொகம் பாக்கற கண்ணாடிய செவுத்தோட நகத்திட்டே போவா, கண்ணாடில ட்வீட்டர் தெரிஞ்ச எடத்துல பென்சில்ல ஒரு கோடு, சத்தம் செவுத்துல பட்டு என் காதுக்கு திரும்பற எடம் அதுதான். "ஏனுங் மாமா, பாட்டு கேக்கறதுக்கு எதுக்குங் கண்ணாடி?"ன்னா. பதில் சொல்ல அர மணி நேரம் ஆச்சு, கேக்காம கீழ போய்ட்டா.

போன பொங்கலுக்கு வெள்ளையடிச்சப்ப ஒயர கழட்டி மாட்டுனதுல ஒரு ஸ்பீக்கருக்கு செவப்பு கருப்பு மாறிருச்சு. பேஸ் போயிருச்சு, பாட்டுக்காரர் எங்க நிக்கறார்னே தெரியல, ஒரு வாரம் ஆம்ப்ளிஃபயர திட்டிட்டு இருந்தேன். மோனோல (ரெண்டு ஸ்பீக்கர்லயும் ஒரே சத்தம் வர்ற மாதிரி) வந்த பழைய பாட்டு ஒண்ணு போட்டு பாருங்க, குரல் ரெண்டு ஸ்பீக்கருக்கும் நடுவுல ஒரு ஆளு நிக்கற மாதிரி வரலைன்னா மொதல்ல ஒயர பாருங்க.

கொறைன்னா எடம்தான். பாதி ரூம் ஸ்பீக்கருக்கே போயிருச்சு, வேசகாலத்துல ஃபேன் போட்டா மெல்லிசான சத்தமெல்லாம் அதுலயே கரைஞ்சிருது. ஒறம்பறை வந்தா ஸ்பீக்கர அலேக்கா தூக்கி மூலைல வெச்சுட்டு பாய் விரிச்சர்றோம், அவங்க போனதும் டைல்ஸ்ல ஒட்டுன செவப்பு டேப்ப பாத்து வூட்டுக்காரியே திருப்பி வெச்சர்றா. போன வாரம் எடதுபக்க ஸ்பீக்கர் அர இஞ்சு தள்ளி இருக்குன்னு சொன்னது அவதான்.