காது மெஷினோடு நாலு வருஷம்

பள்ளிபாளையத்தில் 27 வருஷம் தறி ஓட்டினேன். விசைத்தறி ஷெட்டுக்குள் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. பாவு நூல் அறுந்தால் ஒரு கைச்சாடை, டீ வந்தால் ஒரு கைச்சாடை, மீதிக்கு உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வோம். அதனால் காது போவதே தெரியவில்லை. வீட்டில்தான் அகப்பட்டுக்கொண்டேன். மகள் அடுப்படியிலிருந்து "அப்பா, தோசை ஊத்தட்டுமா?" என்றால் 'ஓ... ஐ...' என்று ஏதோ வரும். கூப்பிடுவது கேட்கும், சொன்னது என்ன என்றுதான் பிடிபடாது.

முதலில் செய்தது தப்பு. ஆன்லைனில் 1,800 ரூபாய்க்கு ஒரு மெஷின் வாங்கி மாட்டினேன். மிக்ஸி, பஸ் ஹாரன், பேச்சு எல்லாவற்றையும் ஒரே மாதிரி தூக்கிக் கொடுத்தது. நடுவில் விசில் வேறு. பத்தே நாளில் பீரோவுக்குள் போய்விட்டது.

அப்புறம்தான் இ.என்.டி. டாக்டரிடம் போனேன். அழுக்கு அடைத்திருக்கிறதா, ஜவ்வு நன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கேட்கும் திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்டிடம் அனுப்பினார். சத்தம் புகாத அறை, காதில் ஹெட்போன், கேட்கும்போதெல்லாம் பட்டனை அமுக்க வேண்டும். முடிவை ஒரு கிராஃபில் குறித்தார்கள்: வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடதுக்கு நீலப் பெருக்கல் குறி. இரண்டு கோடும் நேராகப் போய் 4,000 ஹெர்ட்ஸ் என்கிற கீச்சுச் சத்தத்தின் பக்கம் குழியில் விழுந்தமாதிரி இறங்கின. "தறி ஓட்டுறீங்களா?" என்றார் அந்தம்மா. நான் அதுவரை என் தொழிலைச் சொல்லவே இல்லை. ச, த, க மாதிரி மெல்லிய ஓசைகள் அந்தக் கீச்சுப் பக்கத்தில் இருப்பதால்தான் எனக்குத் தோசை 'ஓ...ஐ' ஆனதாம். உள்காதில் சத்தத்தை உணர்கிற மயிர்ச்செல் செத்துப்போனால் திரும்ப முளைக்காது என்றும் சொன்னார்.

என் கிராஃப்புக்குத் தகுந்தபடி கம்ப்யூட்டரில் செட் பண்ணிக் கொடுத்தார்கள். முதல் வாரம் நரகம்: செய்தித்தாள் புரட்டினால் தகரம் கிழிகிற சத்தம். ஒரு மாதத்தில் அடங்கியது. மூன்று தடவை போய்த் திருத்திக்கொண்டேன். அதைச் செய்யாமல் கழற்றி வைத்துவிடுகிறவர்களும் உண்டு.

ஆரஞ்சு ஸ்டிக்கர் ஒட்டிய 13ஆம் நம்பர் பேட்டரி எனக்குப் பத்து, பன்னிரண்டு நாள் வருகிறது. ஸ்டிக்கரை உரித்ததும் போடக் கூடாது. காற்றுப் பட்டுத்தான் வேலை செய்யும், ஒரு நிமிஷம் விட வேண்டும். பெரிய எதிரி வியர்வை. சித்திரை மாதத்தில் குழாய்க்குள் நீர் கோத்துக்கொண்டு சத்தம் அப்படியே நின்றுவிடும். ராத்திரி பேட்டரிக் கதவைத் திறந்து சிலிக்கா ஜெல் டப்பியில் போட்டுவிடுவேன். இரண்டாம் வருஷம் காதுக்குள் பொருந்துகிற அச்சு தளர்ந்து விசில் அடித்தது, புதிதாக அளவெடுத்து மாற்றினார்கள்.

டி.வி., போன், நேரில் பேச்சு எல்லாம் நன்றாக இருக்கிறது. கல்யாண மண்டபத்தில் இன்றைக்கும் பாதிதான் பிடிபடுகிறது. காதுக்குள் சில்வண்டு மாதிரி கேட்கும் இரைச்சல் போகவில்லை; மெஷின் போட்டிருக்கும்போது கொஞ்சம் மறந்திருக்கும்.

மகனும் தறிதான். எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபலைத் தாண்டினாலே காதுக்குக் கேடு. அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் தாங்கும் நேரம் பாதியாகும். தறி ஷெட் சாதாரணமாக 90க்கு மேல். நாங்கள் அந்தக் காலத்தில் வைத்த பஞ்சு எதையும் தடுக்கவில்லை. நுரை அடைப்பானை மெல்லிசாக உருட்டி, இன்னொரு கையால் காதை மேலே இழுத்து உள்ளே வைத்து, விரியும்வரை பிடிக்க வேண்டும். வெளியே துருத்திக்கொண்டிருந்தால் வைத்ததும் வைக்காததும் ஒன்றுதான். "நாடா தட்டுறது மாறினா தெரியாதுப்பா" என்று அடம் பிடித்தான்; குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் கட்டைதான் நாடா. ஒரு ஷிப்ட் பக்கத்திலேயே நின்றேன். நானும் மெஷினைக் கழற்றிவிட்டு அடைப்பான்தான் வைத்திருந்தேன். மூன்றாவது தறியில் நாடா சிக்குவதை எனக்கு முன்னால் அவன்தான் பிடித்தான்.