புரொஸ்டேட்டை உறையவைப்பது: முழுசாகவா, ஒரு பக்கம் மட்டுமா?

புரொஸ்டேட் என்பது ஆண்களின் சலப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி. அந்தச் சுரப்பிக்குள்ளேயே நிற்கிற புற்றுநோய்க்கு நீண்டகாலச் சான்று உள்ளது சத்திரசிகிச்சைக்கும் கதிர்வீச்சுக்கும்தான். மகரகம, தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிகளில் கதிர்வீச்சு எடுக்கலாமா என்று முதலில் கேளுங்கள். ஆபத்துக் குறைந்த கட்டியென்றால் ஒன்றும் செய்யாமல் கண்காணித்தே காலம் கடத்தலாம். இதையெல்லாம் பேசி முடித்து, கட்டியைக் குளிரால் உறையவைத்துக் கொல்வது என்ற முடிவுக்கு வந்தவர்களுக்குத்தான் மீதி.

முழுச் சுரப்பியோ ஒரு பக்கமோ, செய்முறை இரண்டிலும் ஒன்றே. விதைப்பைக்கும் மலவாசலுக்கும் இடைப்பட்ட தோல் வழியாக, ஏறத்தாழ 1.5 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஊசிகளை அல்ட்ராசவுண்டில் பார்த்துப் பார்த்து இறக்குவார்கள். ஊசி நுனியில் ஆர்கன் வாயு விரிந்து குளிர, சுற்றிவரப் பனி திரளும். பிறகு உருகவிட்டு, இன்னொரு தடவை உறையவைப்பார்கள். ஸ்கேனில் தெரியும் பனியின் விளிம்பு 0 பாகைதான். புற்றுக்கலம் நிச்சயமாகச் சாக ஏறத்தாழ -40 பாகை வேண்டும். அந்தக் குளிர் விளிம்பிலிருந்து சில மில்லிமீற்றர் உள்ளேதான் இருக்கும். அதனால் பனியைச் சுரப்பியின் எல்லை தாண்டித் தள்ள வேண்டியிருக்கிறது. பக்கத்தில் ஓடுவது ஆண்குறி விறைப்புக்கான நரம்பு, பின்னால் இருப்பது மலக்குடல்.

முழுச் சுரப்பியையும் உறையவைத்தால் பெரும்பாலானோருக்கு விறைப்பு போய்விடும். ஒரு பக்கம் மட்டும் என்றால் மறுபக்க நரம்பு தப்பும். சலம் கட்டுப்படாமல் போகிற பிரச்சினையும் குறைவு. ஐம்பதுகளில் இருப்பவருக்கு இது சின்ன விஷயமில்லை.

ஆனாலும் திருகோணமலையில் இருந்துகொண்டு போய்வருகிற, எழுபதை நெருங்கிய ஒருவருக்கு நான் முழுச் சுரப்பியைத்தான் சொல்வேன். காரணம், பின்தொடர்தல். பாதிச் சுரப்பி உயிரோடு இருந்தால் அது பி.எஸ்.ஏ.யை, அதாவது இரத்தத்தில் அளந்து பார்க்கும் புரொஸ்டேட் புரதத்தை, சுரந்துகொண்டேயிருக்கும். 2.8 என்று ரிப்போர்ட் வந்தால் அது நல்ல பக்கத்தினதா, மிஞ்சிய கட்டியினதா என்று அந்த எண்ணை வைத்துச் சொல்ல ஏலாது. எம்.ஆர்.ஐ.யும், ஓராண்டுக்குள் மறுபடி பயொப்சியும் (ஊசியால் குத்தித் திசு எடுத்துப் பார்ப்பது) வேண்டும். இந்தப் புற்றுநோய் ஒரே சுரப்பியில் பல இடத்தில் முளைக்கிற சாதி என்பதால், தொடாமல் விட்ட பக்கத்தையும் குத்திப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கந்தளாய், ஹபரணை தாண்டி ஒரு கொழும்புப் பயணம். இரண்டாம் வருஷம் 'சுகமாத்தானே இருக்கு' என்று கிளினிக்கை விடுகிறவர்தான் மாட்டிக்கொள்வார்.

முழுச் சுரப்பியில் பி.எஸ்.ஏ. நன்றாகக் கீழே இறங்கும். சலப்பாதையைச் சூடாக வைத்துக் காப்பாற்றுவதால் அதையொட்டிய கொஞ்சத் திசு மிஞ்சும், ஆகவே சுத்தமாகப் பூச்சியம் ஆகாது. எந்த எண்ணில் 'திரும்பி வந்துவிட்டது' என்பதில் இங்கும் முழு உடன்பாடு இல்லை. ஆனால் தாழ்ந்து நின்ற எண் ஏறத் தொடங்கினால் கண்ணுக்குத் தெரியும், அதற்கு ஊரில் இரத்தம் கொடுத்தாலே போதும். முதல் வருஷம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, எப்போதும் ஒரே லாப்பில். சலத்தில் கிருமித்தொற்று இருந்தால் எண் பொய்யாக ஏறும்; அது மாறி ஆறு வாரம் கழித்துப் பாருங்கள். புரொஸ்டேட் வீக்கத்துக்குக் கொடுக்கும் பினஸ்ரறைட் குளிசை போடுகிறவர் அதைச் சொல்லியே ஆக வேண்டும், அது எண்ணைப் பாதியாக்கிக் காட்டும்.

கதிர்வீச்சுக்குப் பிறகு திரும்பி வந்த நோய்க்கு உறையவைக்கிறார்கள் என்றால் கணக்கு வேறு. திசு ஏற்கெனவே நைந்திருப்பதால் சலக்கசிவும், மலக்குடலில் ஓட்டை விழும் ஆபத்தும் கூடும்.

எதைத் தேர்ந்தாலும் சலக்குழாய் ஒன்றிரண்டு வாரம் இருக்கும். அதோடு பஸ்ஸில் ஊருக்குத் திரும்புகிறவர் பையை மடியில் வைக்கக்கூடாது. சலப்பையைவிடத் தாழ்வாகக் காலில் கட்டி, ஏற முன்பு வெறுமையாக்க வேண்டும். குழாய் எடுத்த பிறகு செத்த திசு துண்டு துண்டாக வந்து சலத்தை அடைக்கலாம். அடைத்தால் விடியும்வரை பார்த்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.