கூலன்ட் சென்சார் கோளாறு: ஸ்கேனரா, மல்டிமீட்டரா?

இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டின் வெப்பத்தை அளப்பது கூலன்ட் சென்சார். அதில் கோளாறு என்று தோன்றினால், முதலில் ஸ்கேனரையே எடுக்கலாம். வண்டியின் ஓபிடி போர்ட்டில் (பழுது பார்க்கும் கருவியைச் செருகும் இடம்) செருகினால் பி0117, பி0118 போன்ற பழுதுக் குறியீடு இருக்கிறதா என்று தெரியும். ஆனால் குறியீட்டை மட்டும் நம்பி சென்சாரை மாற்றிவிடக் கூடாது. பி0118 என்றால் சிக்னல் வோல்டேஜ் அளவுக்கு மேல் இருக்கிறது என்றுதான் பொருள். ஒயர் அறுந்திருந்தாலும் அதே குறியீடுதான் வரும்.

ஸ்கேனரின் உண்மையான பலம் லைவ் டேட்டா, அதாவது சென்சார்கள் அந்த நேரத்தில் சொல்லும் அளவுகள். இரவு முழுக்க நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் போட்டுப் பாருங்கள். கூலன்ட் வெப்பமும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். வெயில் நேரத்தில் மைனஸ் 40 டிகிரி காட்டினால் சர்க்யூட் எங்கோ துண்டித்துக் கிடக்கிறது. அப்புறம் ஒன்று: சில வண்டிகளில் டாஷ்போர்டில் வெப்பம் காட்டும் முள்ளுக்குத் தனி சென்சார் இருக்கும். முள் சரியாக நிற்கிறதே என்று ஏமாற வேண்டாம்.

மல்டிமீட்டர் வேலை வாங்கும். ஆனால் குற்றவாளி சென்சாரா ஒயரா என்று பிரித்துச் சொல்லும். கனெக்டரைக் கழற்றி சென்சார் பின்களில் ஓம்ஸ் (மின்தடை) பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் 20 டிகிரியில் 2,000 முதல் 3,000 ஓம்ஸ் வரை இருக்கும். சூடாகும்போது சீராக இறங்கி, 80 டிகிரியை ஒட்டிச் சில நூறுக்கு வரும். நடுவில் குதித்தால் சென்சார் போய்விட்டது. சரியாக இறங்கினால், இக்னிஷனைப் போட்டு கனெக்டர் பக்கம் 5 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் என் ஓட்டு ஸ்கேனருக்கு.