பெரிய ரிவால்வர்: பெட்டகத்துக்கு எது, சுடுதளத்துக்கு எது?

பெரிய சட்டக ரிவால்வர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் வாக்குவாதம் மூன்று பெயர்களைச் சுற்றியே நடக்கும்: கோல்ட் நியூ சர்வீஸ், ஸ்மித் அண்ட் வெசன் என்-ஃப்ரேம் (அந்த நிறுவனத்தின் பெரிய சட்டகத்துக்கும் அதில் செய்த ரிவால்வர்களுக்கும் உள்ள பெயர்), ரூகர் ரெட்ஹாக். சேகரிக்கவும் வேண்டும், சுடவும் வேண்டும், வாங்கப்போவதோ ஒன்றே ஒன்று என்றால் எதை எடுப்பது? என் பதில் என்-ஃப்ரேம். அதிலும் நீல மெருகு ஓரங்களில் தேய்ந்துபோன, அசல் பெட்டி தொலைந்துபோன ஒன்று. ஆனால் மற்ற இரண்டுக்கும் நியாயம் செய்யாமல் இந்தத் தீர்ப்பைச் சொல்லக் கூடாது.

வயதில் மூத்தது நியூ சர்வீஸ். 1898இல் வந்தது, 1940களின் முற்பகுதி வரை தயாரிப்பில் இருந்தது. மூன்றரை லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. .45 கோல்ட், .44-40, .38-40, பிரிட்டனின் .455 என்று பல தோட்டாக்களுக்கு வந்ததால் சேகரிப்பவருக்கு இது வற்றாத ஊற்று. கனடாவின் குதிரைப்படைப் போலீஸ் இதை இடுப்பில் கட்டியது. முதல் உலகப்போரில் பிரிட்டன் வாங்கியது. அமெரிக்க ராணுவம் 1909இலும் 1917இலும் தன் பெயரைப் பொறித்துக்கொண்டது. இவ்வளவு வரலாறு இருந்தும் இதே கோல்ட் நிறுவனத்தின் பைத்தான் ரிவால்வருக்குக் கிடைக்கும் கவனத்தில் ஒரு பங்குகூட இதற்குக் கிடைப்பதில்லை. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

சுடும்போதுதான் இதன் வயது தெரியும். கைப்பிடி பெரிது, விசை விரலுக்கு எட்டாத தூரத்தில் நிற்கிறது. சிறிய கை உள்ளவர் சுத்தியலை இழுக்காமல் நேரடியாக விசையை அழுத்திச் சுட முயன்றால், பிடியே பக்கவாட்டில் நழுவிவிடும். அழுத்தத் தொடங்கும்போது இலகுவாக இருக்கும் விசை, முடிவை நெருங்க நெருங்கக் கனக்கும். பழைய கோல்ட் பொறியமைப்பின் இயல்பு அது. அதற்கு ஈடாகக் கோல்ட் ஒன்று தருகிறது: விசையை முழுவதும் அழுத்திப் பிடித்திருக்கும்போது, தோட்டாக்களைத் தாங்கும் உருளை அசையாமல் இறுகி நிற்கும். நல்ல நிலையில் உள்ள ஒன்றில் விரலால் அசைத்துப் பார்த்தாலும் ஆட்டமே தெரியாது. ஆனால் அந்த இறுக்கத்தை உருளையைச் சுழற்றும் சிறு நெம்பு தன் முதுகில் சுமக்கிறது. அதனால் அது சீக்கிரம் தேயும். தேய்ந்தால் உருளை நேர்கோட்டுக்கு வந்து நிற்பது தாமதமாகும். இன்று இதைச் சரியாகப் பழுதுபார்க்கத் தெரிந்த கைவினைஞர்கள் மிகக் குறைவு. ஆகவே நியூ சர்வீஸை மென்மையான தோட்டாக்களோடு எப்போதாவது சுடலாம். வாரந்தோறும் சுட இது ஏற்றதல்ல.

என்-ஃப்ரேமின் கதை 1908இல் தொடங்குகிறது. சேகரிப்பவர்கள் 'டிரிபிள் லாக்' என்று அழைக்கும் முதல் மாதிரியும் .44 ஸ்பெஷல் தோட்டாவும் சேர்ந்தே புறப்பட்டன. உருளை பின்னால் ஓரிடத்திலும், காலி உறைகளை வெளித்தள்ளும் தண்டின் நுனியில் ஓரிடத்திலும், உருளையைத் தாங்கும் கையில் ஓரிடத்திலும் பூட்டிக்கொள்ளும். அந்த மூன்றாவது பூட்டைச் செய்ய எடுத்த உழைப்பு பார்த்தாலே தெரியும். ஏறத்தாழ 15,000 மட்டுமே வெளிவந்தன. 1915இல் அந்தப் பூட்டும் தண்டைச் சுற்றியிருந்த உறையும் கைவிடப்பட்டன. இன்று ஒரு டிரிபிள் லாக் கையில் கிடைத்தால், மெருகு போயிருந்தாலும் அதை விடவே கூடாது.

1917ஆம் ஆண்டு இரு நிறுவனங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஏற்ற ஆண்டு. போருக்குப் போதுமான தானியங்கிப் பிஸ்டல்கள் இல்லாததால், அமெரிக்க ராணுவம் இரண்டிடமும் .45 ஏசிபி தோட்டாவைச் சுடும் ரிவால்வர் கேட்டது. அந்தத் தோட்டாவுக்கு விளிம்பு கிடையாது. மூன்று மூன்றாகப் பிடிக்கும் அரைவட்டத் தகட்டுக் கிளிப் வேண்டும். ஸ்மித் அண்ட் வெசன் தன் தோட்டா அறைக்குள் ஒரு படி வைத்துக் கடைந்தது. கிளிப் இல்லாவிட்டாலும் தோட்டா அந்தப் படியில் நிற்கும், வெடிக்கும். கோல்டின் தொடக்ககாலத் துப்பாக்கிகளில் அறை நேராகத் துளைக்கப்பட்டிருந்தது. கிளிப் இல்லையென்றால் தோட்டா உள்ளே நழுவிவிடும். பிறகு கோல்டும் திருத்திக்கொண்டது. சுடுவதற்கு வாங்குபவர் படி உள்ளதைத் தேட வேண்டும். சேகரிப்பவருக்கோ நேர்த்துளை உள்ள முற்காலக் கோல்ட்தான் பிடித்தமானது.

என்-ஃப்ரேமை உலகம் அறிந்தது மேக்னம் எனப்படும் அதிக ஆற்றல் கொண்ட தோட்டாக்களால். 1935இல் .357 மேக்னம் வந்தபோது ஒவ்வொரு துப்பாக்கிக்கும் பதிவெண்ணும் சான்றிதழும் தரப்பட்டன. குழல் நீளத்தை மூன்றரை அங்குலத்திலிருந்து எட்டே முக்கால் அங்குலம் வரை வாங்குபவரே சொல்லலாம். முதலாவது அமெரிக்க எஃப்.பி.ஐ. புலனாய்வுத் துறையின் இயக்குநர் எட்கர் ஹூவருக்குப் போனது. .44 ஸ்பெஷலுக்கு அளவுக்கு மீறி வெடிமருந்திட்டுச் சோதித்துவந்த துப்பாக்கி எழுத்தாளர் எல்மர் கீத் போன்றோரின் வற்புறுத்தலுக்குப் பலனாக 1955-56இல் .44 மேக்னம் பிறந்தது. அதைச் சுடும் என்-ஃப்ரேம் ரிவால்வருக்கு 1957இல் மாடல் 29 என்று எண் கொடுத்தார்கள்.

மாடல் 29இன் விசைக்கு இணை இல்லை என்பேன். தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே சீராக நகரும். சுத்தியலை இழுத்துவைத்துச் சுட்டால் கண்ணாடிக் குச்சி ஒடிவதுபோல் சுத்தமாக விடுபடும். குறை எங்கே என்றால், 1.3 கிலோ எடையுள்ள அந்தத் துப்பாக்கியின் சட்டகம் 1908இல் .44 ஸ்பெஷலுக்காக வரையப்பட்டது. 240 கிரெயின் (குண்டை எடைபோடும் அலகு) குண்டை முழு வேகத்தில் ஆயிரக்கணக்கில் அனுப்பினால் உருளை முன்னும் பின்னும் ஆடத் தொடங்கும். 1980களின் இறுதியில் உள்ளுறுப்புகளை வலுப்படுத்திய பிறகு இது குறைந்தது. ஆனால் சேகரிப்பவர்கள் விரும்புவது அதற்கு முந்தையதை: குழல் ஊசியால் பூட்டப்பட்டு, தோட்டாவின் விளிம்பு உருளைக்குள் அமிழ்ந்து நிற்கும், 1982க்கு முந்தைய துப்பாக்கிகளை. அதற்கும் முன்னே போனால் திருகுகளை எண்ணுவார்கள். உள்ளுறுப்புகளை மூடும் பக்கத்தகட்டில் நான்கு, விசைக்காப்பின் முன்னே ஒன்று என ஐந்து இருந்தால் மதிப்பு ஏறும்.

ரெட்ஹாக் 1979இல் வந்தது. இதில் பக்கத்தகடே இல்லை. சட்டகம் ஒரே வார்ப்பு. உருளை முன்பக்கம் சட்டகத்திலேயே நேராகப் பூட்டிக்கொள்கிறது, வெளித்தள்ளும் தண்டை நம்பியிருக்கவில்லை. ஏழரை அங்குலக் குழலோடு 1.5 கிலோ இருக்கும். .44 மேக்னத்தை முழு மருந்தோடு ஆண்டுக்கணக்கில் சுட நினைப்பவருக்கு நான் வேறெதையும் சொல்ல மாட்டேன். சுத்தியலுக்கும் விசைக்கும் சேர்த்து ஒரே சுருள்வில் என்பதுதான் இதன் பலவீனம். விசையை இலகுவாக்க வில்லைத் தளர்த்தினால் சுத்தியலின் அடியும் தளர்ந்து தோட்டா வெடிக்காமல் போகலாம். 1987இல் வந்த சூப்பர் ரெட்ஹாக்கில் வில்கள் தனித்தனி. தொலைநோக்கி பொருத்தவும் வசதி. அழகை எதிர்பார்க்காதீர்கள், அவ்வளவுதான். சேகரிப்புப் பொருளாக இரண்டுக்கும் இன்னும் பெரிய இடம் உருவாகவில்லை. கோல்ட் 1990இல் கொண்டுவந்த அனகோண்டாவும் இந்தப் போட்டியில் உண்டு. விலை அதிகம், அதற்கேற்ற கூடுதல் பலன் எனக்குத் தெரியவில்லை.

பழையதை வாங்கும்போது பார்க்க வேண்டியவை மூன்றுக்கும் ஏறக்குறைய ஒன்றே. உருளை காலியா என்று முதலில் பாருங்கள், இன்னொரு முறையும் பாருங்கள். பிறகு ஒரு விரலை உருளைமீது இலேசாக வைத்துச் சுத்தியலை மெல்ல இழுங்கள். சுத்தியல் கடைசி நிலைக்குப் போய் நிற்கும்முன் உருளை பூட்டிக்கொள்ளும் 'கிளிக்' ஒலி கேட்க வேண்டும். ஆறு அறைகளிலும் இப்படிச் சோதிக்க வேண்டும். குழலுக்கும் உருளைக்கும் உள்ள இடைவெளி 0.10 முதல் 0.15 மில்லிமீட்டர் என்றால் நலம். என்-ஃப்ரேமில் கைப்பிடியின் அடியிலும், உருளையின் பின்முகத்திலும், குழலின் அடியிலும் உள்ள எண்கள் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். பக்கத்தகட்டின் விளிம்பில் நெம்பிய தழும்பு இருந்தால் யாரோ அறியாதவர் கைவைத்திருக்கிறார்: திருகுகளைக் கழற்றியபின் கைப்பிடிச் சட்டகத்தில் மரப்பிடியால் மெல்லத் தட்டினாலே தகடு எழும்பிவிடும். 1960 வாக்குக்கு முந்தைய துப்பாக்கிகளில் வெளித்தள்ளும் தண்டு சுடச்சுடத் தளரும். தளர்ந்தால் உருளையைத் திறக்கவே முடியாது. பிறகு தண்டின் திருகுமறையைத் திசை மாற்றி அந்தத் தொல்லையைத் தீர்த்தார்கள்.

தோட்டா விஷயத்தில் என்-ஃப்ரேமுக்குச் சாதகமான ஒன்று உண்டு. மாடல் 29இல் .44 ஸ்பெஷலையும் சுடலாம். அதன் அழுத்தம் மேக்னத்தின் பாதிக்கும் குறைவு, பின்னுதைப்பும் அப்படியே. ஸ்பெஷலின் உறை மூன்று மில்லிமீட்டர் குட்டையானது என்பதால் அறைக்குள் அது முடியும் இடத்தில் கரி வளையம் படியும். அதைத் துலக்காமல் மேக்னத்தைச் செருகினால் பாதி வழியில் சிக்கிக்கொள்ளும். சுட்ட அன்றே பித்தளைத் தூரிகையால் ஆறு அறைகளையும் தேய்த்துவிட வேண்டும். காதுக்கும் கண்ணுக்கும் காப்பு இல்லாமல் ஒரு தோட்டாகூடச் சுடக் கூடாது. இரண்டு கைகளால் பிடிக்கும்போது எந்த விரலும் உருளையைத் தாண்டி முன்னே போகக் கூடாது, குழலுக்கும் உருளைக்கும் உள்ள இடைவெளியிலிருந்து பீறிடும் வாயு தோலைக் கிழிக்கும்.

ஆகவே முழு மேக்னத்தைத் தொடர்ந்து சுடுபவருக்கு ரெட்ஹாக். வரலாற்றைக் கையில் ஏந்திப் பார்க்க விரும்புபவருக்கு, தொழிற்சாலை ஆவணக் கடிதத்தோடு வரும் நியூ சர்வீஸ். இரண்டும் வேண்டும் என்பவருக்கு 1960களிலோ 70களிலோ செய்த மாடல் 29. மெருகு குலையாத ஒன்றைச் சுட மனம் வராது, சுட்டால் மதிப்பும் இறங்கும். தேய்ந்த ஒன்றுக்கு அந்தக் கவலை இல்லை. புதிதாக மெருகேற்றியதை மட்டும் தவிருங்கள்: பொறித்த எழுத்துகளின் ஓரம் மழுங்கி, திருகுத் துளைகளின் விளிம்பு குழிந்திருந்தால், அசல் உலோகத்தையே தேய்த்து எடுத்திருக்கிறார்கள் என்று பொருள்.