ஓசெல்டாமிவிர் 75 மி.கி. கேப்சூல்: அதிர்ஷ்டத்தில் தப்பிய மருந்து

ஃப்ளூ காய்ச்சல் வந்து 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் இதில் முழுப் பலன். பெரியவர்களுக்குக் காலையும் இரவும் ஒவ்வொன்று, 5 நாளைக்கு. அப்போதும் காய்ச்சல் ஒரு நாள் முன்னதாக விடும், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் சேருமளவு முற்றியவர்களுக்குத் தாமதமானாலும் கொடுப்பார்கள். குமட்டும், சாப்பாட்டோடு விழுங்கினால் குறையும். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும்.

இனி, மருந்துக்கு வைரஸ் மசியாமல் போகும் எதிர்ப்பு விஷயம். புது வைரஸ்களைச் செல்லிலிருந்து வெட்டிவிடும் கத்தரிக்கோல், நியூராமினிடேஸ் என்ற வைரஸ் புரதம். அதன் வாயில் இந்த மருந்து உட்கார வேண்டுமானால், அந்தப் புரதச் சங்கிலியின் 276-ஆவது கண்ணியான அமினோ அமிலம் சற்றுத் திரும்பி இடம் விட வேண்டும். பக்கத்தில் 275-இல் ஹிஸ்டிடின் போய்ப் பருத்த டைரோசின் வந்துவிட்டால் அது திரும்பாது. ஆனால் அதே மாற்றத்தால் வைரஸின் மேற்பரப்புக்கு வந்துசேரும் நியூராமினிடேஸும் குறைந்துவிடும். ஆய்வக விலங்குகளில் இந்த வைரஸ் சோனியாகத்தான் இருந்தது. 'இது பரவாது' என்று பலரும் அசட்டையாக இருந்தார்கள்.

2007-08 பருவத்தில் அந்தக் கணக்கு தப்பியது. நார்வேயில் முதலில் கண்ணில் பட்ட எதிர்ப்பு, அடுத்த பருவத்துக்குள் உலகெங்கும் பருவகால எச்1என்1 என்ற ஃப்ளூ வைரஸ் வகையை ஏறக்குறைய முழுதாகப் பிடித்துக்கொண்டது. மருந்தை அதிகம் விழுங்கியதால் வந்த வினையும் அல்ல. 222, 234 ஆகிய இடங்களில் முன்பே நேர்ந்திருந்த மாற்றங்கள் நியூராமினிடேஸ் குறைவை ஈடுகட்டிவிட்டிருந்தன. 2009-இன் பெருந்தொற்று வைரஸ் வந்து அந்த வம்சத்தையே துரத்தியதால் மருந்து பிழைத்தது. இதில் மருந்தின் சாமர்த்தியம் எதுவும் இல்லை. 2011-இல் ஆஸ்திரேலியாவின் நியூகாசிலில், மருந்தையே தொடாதவர்களிடமும் இந்தப் புது வம்சத்தின் எதிர்ப்பு வைரஸ் பரவியது.

எல்லா மாற்றமும் இப்படி இல்லை. எச்3என்2 என்ற இன்னொரு ஃப்ளூ வகையில் 292-ஆவது இடம் மாறினால் வைரஸ் நொண்டுகிறது. பழைய ஃப்ளூ மருந்தான அமன்டடினை வீழ்த்திய, வேறொரு புரதத்தின் 31-ஆவது இட மாற்றமோ வைரஸுக்குச் சுமையே இல்லை. அதனால்தான் அந்த மருந்து இன்றும் ஃப்ளூவுக்கு உதவாது.

ஒரே வேளை போதும் என்பதால் பலாக்ஸாவிர் என்ற வேறு ஃப்ளூ மருந்து வசதிதான். ஆனால் பாலோடு விழுங்கினால் உடலில் சேர்வது குறையும். பெரியவர்களிடம் நடந்த முக்கியச் சோதனையிலேயே, அதை உட்கொண்டவர்களில் சுமார் 10 சதவீதத்தினரிடம் எதிர்ப்பு முளைத்தது.

தடுப்புக்காகத் தினம் ஒன்று போடுகிறவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டால் அதே அளவில் தொடரக் கூடாது. அரைகுறை அளவுதான் எதிர்ப்புக்கு விளைநிலம். டாக்டரிடம் கேட்டு இருவேளைக்கு மாற வேண்டும். நோய் எதிர்ப்புச் சக்தி குன்றியவரிடம் 5 நாள் கழித்தும் வைரஸ் நிறையத் தெரிந்தால், 275-ஐப் பரிசோதிக்கச் சொல்லலாம். மாறியிருந்தால் ஊசி வழி ஃப்ளூ மருந்தான பெராமிவிரும் கைகொடுக்காது. மூச்சோடு உள்ளிழுக்கும் ஜனாமிவிர் மருந்து கேட்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அதுவும் ஆகாது.