கொமேர் என்றால் ‘சாப்பிட’: காரைக்குடியில் மூன்று ஆண்டு ஸ்பானிய வகுப்பு

எங்கள் வீட்டு முகப்பில் மாலை நேர ஸ்பானிய வகுப்பு தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. கானாடுகாத்தான் பக்கத்து விடுதிகளில் வரவேற்பில் இருப்பவர்கள், கார் ஓட்டுநர்கள், ஆத்தங்குடியில் தரைக்கல் செய்யும் பட்டறைகளைச் சுற்றிக் காட்டுபவர்கள் வருகிறார்கள். தன்மை, முன்னிலை, படர்க்கை என்று ஆளுக்கொரு விதமாகத் திரியும் வினைகளை மனப்பாடம் செய்ய அவர்களுக்கு நேரம் கிடையாது. ஆகவே திரியாத வடிவத்தை முதலில் கொடுத்தேன். அது ஆர், ஏர், ஈர் என்று முடியும்: அப்லார் (பேச), கொமேர் (சாப்பிட), பிபீர் (வாழ). முன்னால் கியெரோ, புயேதோ, தெங்கோ கே என ஒன்றைச் சேர்த்தால் விரும்புவதையும் முடிவதையும் கட்டாயத்தையும் சொல்லிவிடலாம்.

முறை நல்ல முறை, இன்றும் அதுதான். முதல் ஆண்டில் அதை ஆங்கிலம் வழியாக விளக்கியதுதான் தவறு. ஆங்கில வினைக்கு முன்னால் நிற்கும் ‘டு’வைத் தேடி, ‘கியெரோ ஆ கொமேர்’ என்றார்கள். சிலர் இரண்டு வினையையும் திரித்து ‘கியெரோ கோமோ’ (விரும்புகிறேன் சாப்பிடுகிறேன்) என்றார்கள். எத்தனை முறை திருத்தினாலும் மறுவாரம் அதே பிழை வந்தது.

இரண்டாம் ஆண்டில் பலகையில் தமிழை எழுதினேன். சாப்பிட, போக, பேச: பள்ளியில் ‘செய’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம் என்று படித்தோமே, அதுவேதான். அதற்குத் திணை, பால், எண் எதுவும் இல்லை. “‘சாப்பிடுகிறேன் முடியும்’ என்று தமிழில் சொல்வீர்களா?” என்று கேட்டேன். ‘கியெரோ கோமோ’ அன்றோடு பெரும்பாலும் நின்றது. வரிசை மட்டும் தலைகீழ்: நமக்கு எச்சம் முன்னால், அவர்களுக்குப் பின்னால்.

‘சாப்பிடப் போகிறேன்’ என்பதற்கு அவர்கள் ‘போய் ஆ கொமேர்’ என்கிறார்கள். எதிர்காலத்தைச் சொல்ல இரு மொழிகளும் ‘போ’ என்ற வினையையே எடுத்துக்கொள்கின்றன. அந்தப் ‘போய்’ நம் காதில் நம் ‘போய்’ போலவே விழுவது தற்செயல், ஆனால் ஒருவரும் அதை மறப்பதில்லை. இந்த ‘ஆ’ மட்டும் அங்கிருந்து நழுவி மீண்டும் கியெரோவுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்கிறது. அதனால் இரண்டையும் ஒரே நாளில் கற்பிப்பதை விட்டுவிட்டேன்.

எனக்கு மிகவும் பிடித்த பாடம் ‘மே குஸ்தா’. ‘மே குஸ்தா கொமேர்’ என்றால் ‘எனக்குச் சாப்பிடப் பிடிக்கும்’. பிடிக்கிறவர் எழுவாயாக நிற்பதில்லை. ‘எனக்கு’ என்றுதான் வருகிறார். ஆங்கிலம் வழியாக வருகிறவர்களைத் திணறவைக்கும் இடம் இது, நமக்கோ தாய்மொழி. ஆனால் அதே பழக்கம் புயேதோவில் தடுக்கிறது. ‘என்னால் முடியும்’ என்று பழகியவர்கள், அங்கே ‘நான்’தான் எழுவாய் என்பதை ஏற்கச் சில வாரங்கள் ஆகின்றன.

ஆள் சுட்டாத ‘ஆய் கே’ ஓட்டுநர்களுக்குப் பெரும் உதவி. ‘ஆய் கே கித்தார்சே லோஸ் சபாத்தோஸ்’, அதாவது ‘செருப்பைக் கழற்ற வேண்டும்’. பிள்ளையார்பட்டிக் கோயில் வாசலில் யாரையும் சுட்டிச் சொல்லாமல் பணிவாகச் சொல்லிவிடலாம்.

குறையையும் சொல்ல வேண்டும். ஓராண்டு கடந்தும் சிலர் இந்தச் சட்டகத்தைவிட்டு வெளியே வர மறுக்கிறார்கள். ‘நேற்று வந்தார்’ என்று சொல்ல வழியில்லாமல் நிற்கிறார்கள். இன்னொரு தடை நம் விருந்தோம்பலிலிருந்தே வருகிறது. ‘நீங்கள் சாப்பிட வேண்டும் என்று விரும்புகிறேன்’ என்பதில் விரும்புகிறவர் ஒருவர், சாப்பிடுகிறவர் வேறொருவர். அங்கே கொமேர் செல்லாது. கற்றுக்கொள்ளாத வேறொரு வினைவடிவம் வேண்டும். ‘கியெரோ உஸ்தேத் கொமேர்’ என்று சொல்லிவிட்டு, பந்தியில் விருந்தினர் விழிப்பதைப் பார்த்து வருந்தி வந்தாள் ஒரு மாணவி.

அவளுக்கு ‘தியேனே கே ப்ரொபார்’ கொடுத்தேன்: ‘நீங்கள் ருசித்துப் பார்க்கத்தான் வேண்டும்’. அடுத்த வாரம், வெள்ளைப் பணியாரத்துக்கு இரண்டாம் முறை இலை நீட்டினார்கள் என்று சொல்லிக்கொண்டே வகுப்புக்குள் நுழைந்தாள்.