மொரீஷியஸ் வேலையும் பிரசவத் தேதியும்: வயிற்றோடு வருவதா, பிள்ளையோடு வருவதா?

மொரீஷியஸின் ஐடி வளாகமான எபென் சைபர் சிட்டியிலிருந்து ஆஃபர் லெட்டர் வந்திருக்கிறது, வீட்டில் நாலாம் மாசம், கூட்டிக்கொண்டு வரலாமா, விட்டுவிட்டு வரலாமா? சென்னை, கோவைப் பக்கமிருந்து இந்தத் தீவுக்கு வேலைக்கு வருகிறவர்கள், இங்கே ஏற்கெனவே குடித்தனம் நடத்தும் எங்களைப் போன்றவர்களிடம் தவறாமல் கேட்கும் கேள்விகளில் இது ஒன்று. நான் இங்கேயே பெற்றவள். எதிர் ஃபிளாட்டில் இருக்கும் தோழி திருச்சியில் அம்மா வீட்டில் பெற்று, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தவள். இரண்டையும் கிட்டத்தில் இருந்து பார்த்திருக்கிறேன், அந்தத் துணிச்சலில் எழுதுகிறேன்.

எல்லோரும் "அங்கே ஆஸ்பத்திரி நல்லா இருக்குமா?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அது பிறகு வரவேண்டிய கேள்வி. முதலில் காலண்டரைத் திறங்கள். அப்புறம், பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரம் வீட்டில் யார் இருப்பார்கள் என்று யோசியுங்கள். இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்தால் மற்றதெல்லாம் தானாக வந்து உட்காரும்.

வழிகள் மூன்று. ஒன்று, இருவருமாகக் கிளம்பி வந்து இங்கேயே பிரசவம் பார்ப்பது. இரண்டு, கணவர் முன்னால் வர, மனைவி அம்மா வீட்டில் பிரசவம் முடித்துப் பிள்ளைக்கு மூன்று நாலு மாசமானதும் வருவது. மூன்று, ஜாயினிங் தேதியையே தள்ளி வைக்கச் சொல்லிக் கேட்பது. மூன்றாவதைப் பாதிப் பேர் யோசிப்பதே இல்லை, எனக்கு அதுதான் ஆச்சரியம். (துணி ஆலைகளுக்கு ஒப்பந்தத்தில் வந்து டார்மிட்டரியில் தங்குகிற நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்தத் தேர்வெல்லாம் கிடையாது, குடும்பத்துக்கு அங்கே இடமில்லை. நான் சொல்வது ஆக்குபேஷன் பெர்மிட்டில், அதாவது வேலை பார்க்கவும் தங்கவும் சேர்த்துக் கொடுக்கிற அனுமதியில், குடும்பத்தோடு வர முடிகிறவர்களுக்கு.)

முதலில் காலண்டர்

நாலாம் மாசத்தில் ஆஃபர் வந்தது என்று வையுங்கள். நம் ஊர் ஐடி கம்பெனிகளில் நோட்டீஸ் பீரியட் பெரும்பாலும் 60 அல்லது 90 நாள். பெர்மிட் வேலை அதற்குள் நடந்தாலும் பெட்டி கட்டி ஏறும்போது ஏழாம் மாசம் பிறந்துவிடும். 28 வாரம் தாண்டினால் பெரும்பாலான விமான நிறுவனங்கள் டாக்டர் சான்று கேட்கும், 36 வாரம் தாண்டினால் ஏற்றவே மாட்டார்கள், இரட்டைப் பிள்ளை என்றால் அதற்கும் முன்னாலேயே கதவை மூடிவிடுவார்கள். வளைகாப்பு முடித்து ஏழாம் மாசம் அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போகிற வழக்கமும், விமானக் கம்பெனியின் 28 வாரக் கணக்கும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. ஆகவே 'இருவருமாக வருவது' என்பது நாலாம் மாசத்தில் ஆஃபர் வாங்கியவர்களுக்குப் பேச்சளவில்தான் இருக்கிறது. இரண்டாம் மாசத்திலேயே கையெழுத்தாகி, நோட்டீஸும் குறைவாக இருந்து, 20 வாரத்துக்குள் இங்கே வந்து டாக்டரைப் பிடிக்க முடிந்தால் அது நிஜமான வழி.

என் கருத்தில் மிக மோசமானது நடுவில் வருவதுதான், அதாவது ஆறரை மாசத்தில் எச்.ஆர். சொன்ன தேதிக்காக வந்து இறங்குவது. வீடு பார்க்கவேண்டும், டாக்டர் பார்க்கவேண்டும், சிம் கார்டு, பாங்க் அக்கவுண்ட், பெர்மிட்டுக்கு மருத்துவப் பரிசோதனை, எல்லாம் கால் வீங்குகிற மாசத்தில். அந்தப் பரிசோதனையில் மார்பு எக்ஸ்ரேயும் உண்டு, கூட வரும் மனைவிக்கும் கேட்பார்கள். கர்ப்பம் என்பதை முதலிலேயே சொல்லி, டாக்டரிடமும் பெர்மிட் ஆபீசிலும் எப்படிச் செய்வது என்று கேட்டபிறகே எக்ஸ்ரே அறைக்குள் போங்கள். வரிசையில் நின்றுவிட்டு உள்ளே போய் யோசிக்கிற விஷயம் இல்லை அது.

பணம்

மனைவியும் வேலையில் இருந்தால் கணக்கே மாறும். இந்தியாவில் மகப்பேறு சலுகைச் சட்டத்தின் 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு, முந்தைய 12 மாசத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். கணவரோடு கிளம்புவதற்காக ஐந்தாம் மாசத்தில் ராஜினாமா கொடுத்தால் ஆறு மாசச் சம்பளத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வருகிறீர்கள். ஆஃபரில் ஏறின சம்பளத்தைப் பற்றி வீட்டில் பேசுகிறபோது இந்த இறங்கின தொகையை யாரும் எழுதிப் பார்ப்பதில்லை. இரண்டாம் வழி ஜெயிக்கிற இடம் இது.

இங்கே மகப்பேறு விடுப்பை 2024-ல் 14 வாரத்திலிருந்து 16 வாரமாக்கினார்கள், தகப்பனுக்கு ஐந்து நாளாக இருந்தது நாலு வாரமானது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சேர்ந்து மூன்று மாசமே ஆனவருக்கு முழுச் சம்பளத்தோடு கொடுப்பார்களா என்பதை ஆஃபர் கட்டத்திலேயே எழுத்தில் வாங்குங்கள். அந்த நாலு வாரம் கிடைத்தால் அது இரண்டு வழிக்கும் உதவும். இங்கே பெற்றால் ராத்திரி முழிக்க ஒரு ஆள், அங்கே பெற்றால் ஊருக்குப் போய் மனைவியோடு இருக்க ஒரு மாசம்.

அடுத்தது இன்ஷூரன்ஸ். கம்பெனி குரூப் பாலிசி இருக்கிறது, மெட்டர்னிட்டி கவர் உண்டு என்று எச்.ஆர். சொல்வார், பொய்யும் இல்லை. பாலிசி தொடங்கும் நாளிலேயே வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு அது செல்லுமா, காத்திருப்புக் காலம் எத்தனை மாசம், இவை சின்ன எழுத்தில் இருக்கும். செல்லாது என்றால் தனியார் கிளினிக் செலவு முழுக்க உங்கள் பையிலிருந்து. சுகப்பிரசவத்துக்கு ஒன்று, சிசேரியனுக்கு ஒன்று என்று பேக்கேஜ் சொல்வார்கள். அதில் குழந்தை டாக்டர் கட்டணம் அடங்குமா, பிள்ளையை இன்குபேட்டரில் வைக்கவேண்டி வந்தால் நாளைக்கு எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். பெரிய தொகை வருவது அங்கேதான். அரசு மருத்துவமனை குடிமக்களுக்கு இலவசம். பாம்ப்ளமூஸில் இருக்கும் சர் சீவூசாகுர் ராம்கூலம் மருத்துவமனை போன்ற பெரிய இடங்கள் உண்டு. பெர்மிட்டில் இருப்பவர்களுக்கு என்ன நடைமுறை என்று பகுதி சுகாதார மையத்தில் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

ஆஸ்பத்திரியும் மழைக்காலமும்

இப்போது அந்த முதல் கேள்விக்கு வருகிறேன். ஆஸ்பத்திரி நன்றாகத்தான் இருக்கிறது. மோக்காவில் வெல்கின், ஃப்ளோரியாலில் டார்னே, நம்மவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைப் பார்க்கிறார்கள். மகப்பேறு டாக்டர் தன் கன்சல்டேஷன் அறையில் மாசாமாசம் பார்த்து, பிரசவத்துக்குக் கிளினிக்குக்கு வருவார். ஸ்கேனுக்குக் கூட்டமில்லை, டோக்கன் இல்லை, கேட்ட கேள்விக்கு உட்கார்ந்து பதில் சொல்கிறார்கள். சென்னையில் அறுபது பேருக்கு நடுவில் காத்திருந்து இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு வந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இது சொர்க்கம். டாக்டர்கள் ஆங்கிலத்தில் பேசுவார்கள். நர்ஸ்கள் அவசரத்தில் இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலுக்குப் போய்விடுவார்கள். என்னைப் பார்த்துக்கொண்ட நர்ஸ், 'பிள்ளை' என்று குடும்பப் பெயர் கொண்ட தமிழ் வம்சாவளிப் பெண், வருஷம் தவறாமல் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறவர், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. என் அம்மா அவரிடம் தமிழிலேயே பேசிக்கொண்டிருந்தார், அவர் கிரியோலில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார், கேட்ட வெந்நீர் வந்துகொண்டேதான் இருந்தது.

கவலைப்படவேண்டியது பிரசவ மாசத்தைப் பற்றி. நவம்பர் முதல் ஏப்ரல் வரை இங்கே புயல் பருவம். எச்சரிக்கை நாலு வகுப்பு. மூன்றாம் வகுப்பு அறிவித்தால் பஸ் நிற்கும், மெட்ரோ நிற்கும், கடை அடைப்பார்கள், யாரும் வெளியே போகக்கூடாது. 2024 ஜனவரி 15-ல் பெலால் புயல் வந்தபோது போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்தன. உங்கள் தேதி ஜனவரி, பிப்ரவரியில் விழுந்தால் கிளினிக்குக்குப் பக்கத்தில் வீடு பிடியுங்கள், இரண்டாம் வகுப்பு வந்ததும் டாக்டருக்கு போன் போடுங்கள், சாமு ஆம்புலன்ஸ் எண் 114 என்பதைக் கதவில் ஒட்டிவையுங்கள். அதே மாசங்களில் கொசுவும் அதிகம். 2005-06-ல் பக்கத்துத் தீவான ரியூனியனில் சிக்குன்குனியா பெரிதாகப் பரவியபோது, பிரசவ சமயத்தில் தாய்க்குக் காய்ச்சல் இருந்தால் பிள்ளைக்கும் தொற்றுகிறது என்று அங்கே கண்டார்கள். 2025-லும் இரு தீவுகளிலும் அது தலைகாட்டியது. நியாயமாகச் சொன்னால் ஐப்பசி கார்த்திகையில் தமிழ்நாட்டிலும் டெங்கு உண்டு, மழைத்தண்ணீரும் உண்டு. ஆகவே ஜூன் முதல் அக்டோபர் வரை பிரசவம் என்றால் இந்தத் தீவு கண்ணை மூடிக்கொண்டு சரி, ஜனவரி என்றால் அம்மா வீட்டுப் பக்கம் நான் சாய்வேன்.

அந்த ஆறு வாரம்

பிள்ளை பெற்று மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதன்பிறகு யார்? திருச்சியில் தோழிக்கு அம்மா, பெரியம்மா, பக்கத்துத் தெருவிலிருந்து வந்து பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுகிற பாட்டி என்று ஆள் குறையவில்லை. பூண்டுக் குழம்பு, பிரசவ லேகியம், சாம்பிராணிப் புகை, எல்லாம் கேட்காமலே நடந்தன. கேட்காமலே அறிவுரையும் வந்தது, அது வேறு. இங்கே எனக்கு அம்மா ஒருத்திதான். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு வந்திறங்கியதும் விசா கொடுக்கிறார்கள், கட்டணம் கிடையாது, அதனால் அம்மாவை வரவழைப்பது மற்ற நாடுகளைப் போலக் கஷ்டமில்லை. தங்கும் நாளை மட்டும் பார்த்து, நீட்டிக்கவேண்டுமென்றால் குடியேற்ற அலுவலகத்தில் காலத்தோடு விண்ணப்பியுங்கள். அம்மாவால் வர முடியாது, மூட்டுவலி, அப்பாவைத் தனியாக விட முடியாது என்றால் முதல் வழியை அன்றே கைவிடுங்கள். சம்பளத்துக்கு ஆள் கிடைப்பார்கள், வீடு துடைப்பார்கள். பத்தியச் சமையலும் பிள்ளைக் குளியலும் அவர்களிடம் எதிர்பார்க்க முடியாது.

சாப்பாட்டுக்குப் பயப்படவேண்டாம். காத்ர் போர்ன் சந்தையில் முருங்கைக்கீரை கட்டுக்கட்டாகக் கிடக்கும், ப்ரெட் மூரும் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். மீன் தாராளம். நாட்டு மருந்துச் சாமான்தான் கிடைக்காது, அம்மா பெட்டியில் வரவேண்டும். வீடு பிடிக்கும்போது ஒன்று கவனியுங்கள்: கியூர்பீப், ஃப்ளோரியால், வாக்வா எல்லாம் மேட்டு நிலம், குளிர், எந்நேரமும் தூறல். வாடகை கொஞ்சம் கம்மி என்று அங்கே போனால் தொட்டில் துணி மூன்று நாளைக்குக் காயாது. காத்ர் போர்ன், ரோஸ் ஹில் பக்கம் வெயில் உண்டு, எபெனுக்கு மெட்ரோவும் உண்டு, பிள்ளை அழுதால் அவர் அரை மணியில் வீட்டுக்கு வந்துவிடலாம்.

இரண்டாம் வழியின் விலையையும் சொல்லவேண்டும். தோழியின் கணவர் மகளின் முதல் இரண்டு மாசத்தை வாட்ஸப்பில்தான் பார்த்தார். நேர வித்தியாசம் ஒன்றரை மணிதான் என்பதால் தினமும் குளியல் நேரத்துக்கு வீடியோ கால் வந்துவிடும், ஆனால் வந்து இறங்கியபிறகு பிள்ளை அவரிடம் போக மறுத்து அழுதது, அந்த மனிதர் முகம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. ஒரு மாசத்தில் சரியாகிவிட்டது. இப்போது அவரை விட்டு நகர்வதில்லை.

காகித வேலை இரண்டிலும் உண்டு. இங்கே பிறந்தால் தானாக மொரீஷியஸ் குடியுரிமை கிடைக்காது, பெற்றோரில் ஒருவராவது இந்த நாட்டவராக இருக்கவேண்டும். சிவில் ஸ்டேட்டஸ் ஆபீசில் பிறப்பைப் பதிந்து, ஒரு வருஷத்துக்குள் போர்ட் லூயிஸ் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்து, பாஸ்போர்ட் வாங்கி, அப்புறம் ரெசிடென்ஸ் பெர்மிட். தமிழ்நாட்டில் பிறந்தால் கர்ப்ப காலத்திலேயே பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) வாங்கியிருக்கவேண்டும், அது இல்லாமல் பிறப்புச் சான்றிதழுக்கு அலையவேண்டி வரும். 21 நாளுக்குள் பிறப்பைப் பதியவேண்டும். பிள்ளை பாஸ்போர்ட்டுக்கு இரண்டு பெற்றோர் ஒப்புதலும் தேவை, தகப்பன் வெளிநாட்டில் என்றால் அவர் கையெழுத்தை எப்படிக் கொடுப்பது என்பதைக் கிளம்புமுன்பே முடித்துவிடுங்கள்.

மூன்றாம் வழிக்கு நிறையச் சொல்ல வேண்டியதில்லை: கேளுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேளுங்கள். "மனைவிக்கு இந்த மாசம் பிரசவம், மூன்று மாசம் தள்ளிச் சேர்கிறேன், அல்லது அதுவரை ஊரிலிருந்தே வேலை பார்க்கிறேன்" என்று நேராகச் சொன்னால் ஒத்துக்கொண்ட கம்பெனிகளை நான் பார்த்திருக்கிறேன். தேடி அலைந்து ஆள் எடுப்பவர்களுக்கு மூன்று மாசம் ஒரு பொருட்டில்லை. முடியவே முடியாது, ஒன்றாம் தேதி வந்தாகவேண்டும் என்றால், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நீங்கள் லீவு கேட்கும் நாளில் அந்த இடம் எப்படி இருக்கும் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். ஆஃபர் மனைவிக்கு வந்திருந்தால் இந்த வழி தவிர வேறெதையும் நான் சொல்லமாட்டேன். கர்ப்பத்தை மறைத்துச் சேர்வது வேண்டாம், சேர்ந்த இரண்டாம் மாசமே தெரியப்போகிற விஷயம்.

மொத்தத்தில் என் சாய்வு: 20 வாரத்துக்குள் வர முடியும், இன்ஷூரன்ஸ் எழுத்தில் கிடைத்தது, அம்மா வருகிறார், பிரசவம் புயல் காலத்தில் இல்லை, நாலும் சேர்ந்தால் தயங்காமல் வாருங்கள். இதில் ஒன்று குறைந்தாலும் தேதியைத் தள்ளக் கேளுங்கள், அது முடியாவிட்டால் அம்மா வீடு. பிள்ளையோடு வருகிறவர்கள் 14 வாரத் தடுப்பூசியை அங்கேயே முடித்து, அட்டையைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், இங்கத்திய குழந்தை டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். தொட்டில் சீட்டை டிக்கெட் போடும்போதே சொல்லி வாங்குங்கள். மும்பையில் விமானம் மாறுவதாக இருந்தால் நடுவில் நாலு மணி நேரமாவது விடுங்கள், பிள்ளையோடு இமிகிரேஷன் வரிசை நகரும் வேகம் தனி.